முதல் மகனின் பெயர்

ஆறு பத்துக்கு அலாரம் அடித்தது. எலியாஸ் அதை அணைத்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். தண்ணீர் கொதித்ததும் மாத்தே இலை போட்ட குவளையில் ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடித்தான். இரண்டு முறை நிரப்பினான். சட்டை போட்டான், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுக்கான கோட்டு. வெளியே வந்து, காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைக் காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டினான். இன்று சனிக்கிழமை, காரை எடுக்கப்போவதில்லை என்பது கண்ணாடி முழுக்கச் சுத்தமான பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏழு வாரமாக இதே வரிசை. வரிசை மாறாமல் இருந்தால் எட்டு மணி வரைக்கும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

லியோனோர் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வயது முப்பத்தொன்று. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவள் விழுந்தபோது வீட்டில் எலியாஸ் மட்டும்தான் இருந்தான். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணே திறக்கவில்லை. அங்கே நடைக்கூடத்தில் அவள் அம்மா பெர்த்தா இவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா? பண்ணையப் பத்தி? மர்டோ தாத்தா பக்கத்துல போய்ச் சேரணும்னு சொன்னாளா?"

எலியாஸ் தலையாட்டினான்.

லியோனோர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் தலையாட்டுவதுதான் சுலபமாக இருந்தது. மறுநாள் பூந்தா அரீனாஸ் நகரத்தில் அவர்களைத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. அஸ்திப் பெட்டி பெர்த்தாவின் வீட்டுக்குப் போனது. அவளுடைய முன்னோர் கிடக்கும் பாலோ சோலோ ஆட்டுப் பண்ணையின் பழைய கல்லறையில் புதைப்பதாக முடிவாயிற்று. இன்றிலிருந்து அடுத்த சனிக்கிழமைக்கு பாதிரியார், வேன், நாற்பது பேர் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

எலியாஸின் வீட்டிலிருந்து நகரக் கல்லறைத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. பாலோ சோலோ நூற்று நாற்பது கிலோமீட்டர். அவளை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வர அவனுக்கு மனமில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தலையாட்டியது பொய் என்று சொல்ல வேண்டும்.

பண்ணையைப் புதிதாக வாங்கியவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். அங்கே ஏற்கெனவே படுத்திருப்பவர்களின் வாரிசுகளுக்கு மட்டும்தான் இடம். அதற்கு வம்சாவளி வேண்டும், சான்றிதழ்களோடு. கல்லறைக்கு வரைபடமும் கிடையாது. "நீங்க சர்வேயர்தானே, யார் யார் எங்க கிடக்காங்கன்னு ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க" என்று பண்ணை மேலாளர் ஓயார்சூன் போனில் சொல்லியிருந்தார்.

வம்சாவளியை எலியாஸ் தேட வேண்டியிருக்கவில்லை. லியோனோர் நான்கு வருடமாகத் தேடி ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மர்டோ ஃபின்லேசன், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர், ஆடு மேய்க்க ஐந்து வருட ஒப்பந்தத்தில் 1898இல் வந்தார். திரும்பிப் போகவில்லை. பண்ணைச் சமையற்காரி ரோசாரியோவை பிப்ரவரி 1904இல் மணந்தார். முதல் மகன் கென்னத், அதே வருடம் ஜூலையில் பிறந்தவன். பெர்த்தாவின் தாத்தா. இரண்டாவது மகன் நார்மன், 1906. மர்டோ இறந்தது 1911.

அந்தப் பக்கத்தின் கீழே பென்சிலால் எழுதியிருந்தாள்: "லூயிஸ் தீவு வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவுடைய அப்பாவின் பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மாவுடைய அப்பாவின் பெயர். முன்னூறு குடும்பம் பார்த்துவிட்டேன், தப்பவே இல்லை. மர்டோவின் அப்பா பெயர் நார்மன். முதல் மகன் ஏன் கென்னத்?"

அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. கல்லறையை நேரில் பார்க்க இரண்டு முறை அனுமதி கேட்டாள். ஒரு முறை பனியில் சாலை மூடியிருந்தது. இன்னொரு முறை கம்பளி கத்தரிக்கும் காலம், வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றுவிட்டார்கள்.

ஏழரைக்கு நெல்சன் வந்தான். லியோனோரின் தம்பி, இருபத்தாறு வயது, லாரி ஓட்டுகிறவன். சொந்த பிக்கப் வண்டியின் ஹாரனைத் தெருவே எழும்படி அடித்தான்.

"ஏறு மச்சான். என்ன, கண்ணாடியப் பளபளன்னு தொடச்சிட்டு வண்டிய இங்கயே நிறுத்திட்டு வர்ற?"

"மறந்துட்டேன்."

"சரி, நம்ம கண்ணாடியும் அழுக்காத்தான் இருக்கு. தொடைக்கிறியா?"

எலியாஸ் ஏறிக்கொண்டான். அளவு நாடாவும் அளவைக் கருவியின் முக்காலியும் பின்னால் உருண்டன. தார்ச் சாலை முடிந்து சரளைக்கல் தொடங்கியதும் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. நெல்சன் ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தான்.

"பிப்ரவரில கல்யாணம், ஜூலைல புள்ள. அஞ்சே மாசம். எங்க மர்டோ தாத்தா அவசரக்காரர் மச்சான். அம்மா முன்னாடி சொல்லிடாத, செருப்பால அடிக்கும்."

"உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? குளிர் நாடு, வேற என்ன வேலைன்னு எங்க மாமாவே சொல்லுவாரு. ஆனா ஃபின்லேசன் பேருக்கு ஒரு குறை வந்துடக் கூடாது. அவ்ளோதான்."

ஓயார்சூன் வாசலிலேயே நின்றிருந்தார். குள்ளமானவர், தலையில் பழுப்புத் தொப்பி. நெல்சனை ஆட்டிறைச்சி சுடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு, எலியாஸிடம் சாவியைக் கொடுத்தார்.

"நீங்க வேலைய முடிங்க. தம்பி இங்க தீ பாத்துக்கட்டும். கேட்டத் திரும்பப் பூட்டிடுங்க, இல்லன்னா ஆடு உள்ள பூந்துடும்."

கல்லறை ஒரு மேட்டில் இருந்தது. மர வேலிக்குள் பதினோரு கற்கள். எலியாஸ் வாசல் கம்பத்தை ஆதாரப் புள்ளியாக வைத்து அளக்கத் தொடங்கினான். நாடாவைக் காற்று வில்லாக வளைத்தது. இழுத்துப் பிடித்து, மூன்று முறை அளந்து, சராசரி எழுதினான். ஒவ்வொரு கல்லிலும் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டான். ஒரு தச்சர். இரண்டு குழந்தைகள். பெயர் அழிந்த ஒருவர்.

ஏழாவது கல்: மர்டோ ஃபின்லேசன், நார்மன் ஃபின்லேசனின் மகன், லூயிஸ். 1911.

எட்டாவது: ரோசாரியோ. 1938.

ஒன்பதாவது கல்லில் பாசி மூடியிருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினான். ரோட்ரிக் நிக்கல்சன், கென்னத் நிக்கல்சனின் மகன், லூயிஸ். ஆற்றைக் கடக்கையில் இறந்தவன், டிசம்பர் 1903. நண்பன் மர்டோ ஃபின்லேசன் நட்ட கல்.

எலியாஸ் அதையும் எழுதினான். பிறகு எழுதியதை ஒரு முறை படித்தான். குழந்தை பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பு ரோட்ரிக் ஆற்றோடு போயிருக்கிறான். இரண்டு மாதம் கழித்து மர்டோ ரோசாரியோவை மணந்திருக்கிறார். பிறந்த பிள்ளைக்கு, ரோட்ரிக் உயிரோடு இருந்தால் எந்தப் பெயரை வைத்திருப்பானோ அந்தப் பெயரை, கென்னத் என்று வைத்திருக்கிறார். தன் அப்பாவின் பெயரைத் தனக்குப் பிறந்த மகன் நார்மனுக்காக எடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் லியோனோரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அந்த நினைப்பு முடியும் வரை காத்திருந்தான். பிறகு ரோசாரியோவின் இரண்டு பக்கமும் அளந்தான். மர்டோவின் பக்கம் ஒரு மீட்டர் பத்து. ரோட்ரிக்கின் பக்கம் எண்பது சென்டிமீட்டர்.

சாப்பாட்டு மேசையில் ஓயார்சூன் வம்சாவளியைப் புரட்டினார். கை எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, கென்னத்தின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்பா பேரு மர்டோ ஃபின்லேசன்னு தெளிவா இருக்கு. போதும். வேலியோரமா இடம் இருக்கு, அங்க வெச்சிக்கலாம்."

"பாக்க வரணும்னா?" என்றான் எலியாஸ்.

"ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணிடுங்க. கத்தரிப்பு சமயத்துல முடியாது. அப்புறம் ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரோடே இருக்காது. மத்தபடி எப்ப வேணும்னாலும் வரலாம்."

"எப்ப வேணும்னாலும்னா, மழை பெய்யாத செவ்வாக்கிழமையில" என்று நெல்சன் எலும்பைக் கடித்தபடி சொன்னான். ஓயார்சூன் சிரித்தார். எலியாஸ் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பெர்த்தாவின் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. தேநீர், கலஃபாத்தே பழ ஜாம், கேக் எல்லாம் மேசைக்கு வந்திருந்தன. அலமாரியின் மேல் அஸ்திப் பெட்டி. பக்கத்தில் கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கான மாதிரித் தாள்: லியோனோர் சோத்தோ ஃபின்லேசன்.

"குடுத்துட்டாரா?" என்றாள் பெர்த்தா.

"குடுத்துட்டாரும்மா. நீ கேக்க வெட்டு" என்றான் நெல்சன்.

எலியாஸ் உட்காராமல், படத்தை மேசையில் விரித்தான். கேக் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அத்தை, இதப் பாருங்க. கென்னத் தாத்தா மர்டோவோட மகன் இல்ல."

ஒவ்வொரு தேதியாகச் சொன்னான். லியோனோர் பென்சிலில் எழுதியிருந்த வழக்கத்தைப் படித்துக் காட்டினான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெர்த்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்பதாவது கல்லின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப நாங்க ஃபின்லேசன் இல்லையா?"

"மர்டோ தன் பேரக் குடுத்தாரு. தன் அப்பா பேர மட்டும் குடுக்கல. புள்ள ரோட்ரிக்கோடது, அங்க ரோட்ரிக்கோட அப்பா பேருதான் வரணும்னு விட்டுட்டாரு."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

"அவர் ஒளிக்கவும் இல்ல அத்தை. புள்ளைக்கு வெச்ச பேர்லயே சொல்லிட்டாரு. அந்த ஊர்க்காரங்க யார் பாத்தாலும் புரிஞ்சிருக்கும்."

நெல்சன் இடையில் புகுந்தான்.

"அப்ப தாத்தா அவசரக்காரர் இல்ல. பாவம், பொறுமைக்காரர்."

"வாய மூடுடா" என்றாள் பெர்த்தா. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி. அந்த ரோட்ரிக்கும் அங்கதான கிடக்கான். ரத்தம் அங்கதான் இருக்கு. எம்பொண்ணு கடைசியா கேட்டது அந்த இடத்தைத்தான். அதுல எதுவும் மாறல."

எலியாஸ் படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலியோரம், இன்னும் எதுவும் எழுதாத சதுரம்.

"அவ கேக்கல."

"என்ன?"

"அவ பண்ணையப் பத்தி எதுவும் சொல்லல அத்தை."

"நீ தலையாட்டினியே."

"ஆட்டினேன்."

"எம்மூஞ்சியப் பாத்து ஆட்டின."

"ஆமா."

பெர்த்தா எழுந்தாள். அலமாரி வரைக்கும் போனாள். பெட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நாப்பது பேருக்குச் சொல்லிட்டேன். பாதிரியார்கிட்டச் சொல்லிட்டேன். ரொட்டிக் கடைக்காரிகிட்டகூடச் சொன்னேன். எம்பொண்ணு கடைசி மூச்சுலயும் அதத்தான் கேட்டான்னு. ஏம்ப்பா அப்படிப் பண்ண?"

"நீங்க கேட்டீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல." படத்தைச் சுருட்டினான். "எனக்கு அவ இங்க இருக்கணும். நடந்து போற தூரத்துல. போன் பண்ணாம, பூட்டு இல்லாம."

நெல்சன் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. பெர்த்தா திரும்பவில்லை. மாதிரித் தாளை எடுத்து, நாலாக மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து, கையால் தேய்த்து நிமிர்த்தினாள்.

"வேனை வேணாம்னு நீயே சொல்லு" என்றாள். "ஓயார்சூனுக்கும் நீயே சொல்லு. பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன். என்னத்தச் சொல்லுவேனோ."

"சரி அத்தை."

அவள் வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன தேநீரை நகர்த்தினாள். இப்போது அவனை நேராகப் பார்த்தாள்.

"அப்ப என்னதான் சொன்னா?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா."

"சும்மாவா இருந்தாலும் சொல்லு. எனக்குத் தெரியணும்."

அன்று சந்தையிலிருந்து வாங்கி வந்ததை அவன் அடுக்கிக்கொண்டிருந்தான். லியோனோர் குளியலறைக்குப் போகிற வழியில், சமையலறைக் கதவில் கை வைத்து, ஒரு வினாடி நின்றாள்.

"தக்காளிய ஃபிரிட்ஜ்ல வைக்காதடா, ருசியே போயிடும், எத்தன தடவ சொல்றது."