நிண்டுகா

அப்பாவுக்கு ஆவடியிலிருந்து மாற்றல் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆவடிப் பள்ளியில் என் பட்டப்பெயர் டேங்க். ராணுவ டேங்க் செய்கிற ஊரில் கொஞ்சம் பருமனான பெண்ணுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? சாருலதா என்று அம்மா ஆசையாக வைத்த பெயரை டீச்சர்கள் மட்டும்தான் சொன்னார்கள். செகந்திராபாத்தில் என்னை யாருக்கும் தெரியாது. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். மாரெட்பள்ளி ஏரியாவில் ரஷ்மி மேடத்தின் பரதநாட்டிய வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். மேடத்துக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ். நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். மற்ற பெண்கள் கூடிக்கூடிச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வேன். ஹர்ஷிதா ஒருத்திதான் தமிழ்ப்பெண். அவள் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே இருப்பதால் அவள் தமிழ் பாதி வழியில் தெலுங்குக்குத் தாவிவிடும்.

ஒரு நாள் நான் அரைமண்டியில் உட்கார்ந்து கைகளை விரித்தபோது மேடம் தாளம் தட்டுவதை நிறுத்திவிட்டு எல்லோரிடமும், "சாரு நிண்டுகா உந்தி" என்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆகஸ்டில் நடக்கவிருந்த நாட்டிய விழாவில் என்னைத்தான் நடுவில் நிற்கச் சொன்னார்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தினம் காலையில் மோட்டாரை நிறுத்தும்போது, "டேங்க் நிண்டிந்தி" என்று கத்துவார். நிரம்பிவிட்டதாம். ஊர் மாறியும் நான் டேங்க்தான். நடுவில் நிறுத்துவதும் வேடிக்கை காட்டத்தான் என்று முடிவு கட்டினேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் என்னைக் குண்டு என்றார்களா என்று ஹர்ஷிதாவிடம் எப்படிக் கேட்பது?

மறுநாள் முழங்கால் வலி என்று பொய் சொல்லிப் பின்வரிசை ஓரத்துக்குப் போனேன். நடு இடம் ஹர்ஷிதாவுக்குப் போயிற்று. எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் அங்கே நின்ற பிறகுதான் தெரிந்தது. அம்மா கட்டித் தரும் டிபனை வகுப்பு வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டேன். யாராவது பிஸ்கட் நீட்டினால், வேண்டாம் என்பதற்கு ஹர்ஷிதாவிடம் கற்ற ஒரே வார்த்தையைச் சொல்வேன்: "நக்கோ." இரண்டு மாதத்தில் நாய் கொழுத்தது. எனக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். அதுவும் டிபன் காலியானதும் போய்விடும்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, டெய்லர் இர்பான் பாய் உடைகளைக் கொண்டுவந்தார். ஜூனில் எடுத்த அளவு. ரவிக்கை என் தோளிலிருந்து நழுவியது. பாய் தளர்ந்த துணியைப் பிடித்துப் பின் குத்தினார். மேடம் வந்து பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று. என் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். அதில் நிண்டுகா மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

முதல் தடவையாக ஹர்ஷிதாவிடம் கேட்டேன்.

"முன்னாடி எவ்ளோ நிண்டுகா இருந்தே, இப்போ உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க."

"நிண்டுகான்னா குண்டுதானே?"

"குண்டுக்கு லாவுன்னு சொல்லுவாங்க. இது வேற. நீ வந்து நின்னா ஸ்டேஜே நிறைஞ்ச மாதிரி இருக்கும்ல, அது." தன் உடையை மடித்துக்கொண்டே, "என்னை மேடம் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல" என்றாள்.

எனக்கு அழுகை பொங்கியது. அதைவிட ஆத்திரம். இந்த ஊரில் யாருமே வைக்காத பெயரை நானே எனக்கு வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பட்டினி கிடந்திருக்கிறேன். விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. நடு இடம் இனி திரும்பி வராது.

இர்பான் பாய் ரவிக்கையைப் புரட்டி, உள்தையலில் விட்டிருந்த கூடுதல் துணியைக் காட்டினார். இப்போதைய அளவுக்கு வெட்டிவிடட்டுமா என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"நக்கோ பாய்" என்றேன். வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கும்படி கையால் காட்டினேன்.

வாசலுக்கு வந்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்து டிபனைத் திறந்தேன். நான்கு இட்லி. நான்கையும் நானே சாப்பிட்டேன். நாய் கடைசி வரை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டே இருந்தது.