சின்ன முக்கோணங்கள்

மீனாம்பாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுகர் டெஸ்ட் என்று மகன் சொல்லியிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயில்வே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பழகியவள். இந்தத் தடவை எதற்குத் தில்லைநகர் என்று மட்டும் கேட்டாள். "அங்க மெஷின் நல்லா இருக்கும்மா" என்றான் ராஜ்மோகன். அவன் பொய் சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவான். திருகினான்.

அடுப்படியில் உமா, ரத்தம் எடுத்த பிறகு அத்தை சாப்பிடுவதற்காக நான்கு இட்லியில் பொடி தடவி எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எடுக்கப்போகும் ரத்தத்துக்கு வயிறு காய வேண்டியதே இல்லை. டாக்டர் தேவதர்ஷினி அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். தெரிந்தும் அறுபத்தெட்டு வயதுச் சர்க்கரைக்காரியைப் பட்டினி போட்டு அழைத்துப் போகிறோம்.

"அரை டம்ளர் பாலாவது குடுக்கட்டுமா?" என்று ராஜ்மோகனின் காதருகே கேட்டாள்.

"குடுத்தா சுகர் டெஸ்ட்டுன்னு எப்படி நம்புவாங்க?"

உமா டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது சரியாக மூடிக்கொள்ளவில்லை. மறுபடி அழுத்துவதற்குக்கூடச் சலிப்பாக இருந்தது.

பொன்மலையில் பஸ் ஏறியபோது ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜ்மோகன் ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தான். இன்னாசிராஜ் போகிறானா என்று தேடுகிறான் என்பது உமாவுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் இருவரும் ஒரே உலையில் நின்றவர்கள். பட்டறையில் அந்த இடத்துக்கு ஸ்மித்தி என்று பெயர். இரும்பு எந்தச் சிவப்பில் வளையும், எந்தச் சிவப்பில் முறியும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவான் ராஜ்மோகன். கல்யாணமான புதிதில் சாயங்கால வானத்தைக் காட்டி, "இப்ப அடிச்சா வளையும், இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பான். வேடிக்கையாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டோர்ஸுக்கு மாறினான்.

அதற்குக் காரணம் ஒரு சொல். சூடு. கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒன்று, ஐந்தாம் வருஷம் ஒன்று என்று இரண்டு கர்ப்பம் உமாவுக்குத் தங்காமல் போயின. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. "அவ உடம்பு சூடு, அதான் தங்க மாட்டேங்குது" என்று மீனாம்பாள் யாரிடமும் சொல்வாள். சந்தையில் கீரைக்காரியிடம் சொல்வாள், எதிர் குவார்ட்டர்ஸில் சொல்வாள். வன்மமாகச் சொல்ல மாட்டாள். மழை வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொல்வாள். அதுதான் உமாவுக்கு அதிகமாக வலித்தது. சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போடலாம்.

பிறகு ராஜ்மோகனைப் பரிசோதித்தபோது விந்தணு மிகக் குறைவு என்று வந்தது. உலைப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அப்படிக் குறையலாம் என்று ஒரு டாக்டர் போகிறபோக்கில் சொன்னார். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அம்மாவிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டு ஸ்டோர்ஸுக்குப் போனான். விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியில் கழுத்தளவு நீரில் அரைமணி நேரம் நிற்பான். கோடையில் ஆறு முழங்காலுக்கு வற்றிவிட்டால் படுத்துக்கொள்வான். திதி கொடுக்க வந்தவர்கள் இவனைச் சுற்றிக்கொண்டு போவார்களாம். வீட்டில் வெண்பூசணிச் சாறு, நீர்மோர், ஊறவைத்த வெந்தயம். உமாவும் அதையேதான் சாப்பிட்டாள். மீனாம்பாள் அதைப் பார்த்து, மருமகள் சூட்டைத் தணிக்க மகனும் பத்தியம் இருக்கிறான் என்று நினைத்து மனம் உருகினாள். இன்னாசிராஜ் ஒருநாள் ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் தலையை நீட்டி, "என்ன மாப்ள, உன்னையும் ஃபிரிட்ஜ்ல வச்சுட்டாங்களா?" என்று கேட்டானாம். அதைச் சொல்லி ராஜ்மோகன் சிரித்தான். சிரித்துவிட்டு வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ப்பு உதிர்ந்து கை மெத்தென்று ஆகியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ராஜ்மோகனின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டாக்டர் தேவதர்ஷினி, ஆண்களுக்குக் குழந்தையில்லாமல் போவதற்குக் குரோமோசோமில் என்ன காரணம் என்று ஆராய்கிறவர். தாளில் பூச்சி பூச்சியாகக் குரோமோசோம்களைப் படம் பிடித்து ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்கள். "எல்லாருக்கும் நாப்பத்தாறு. உங்களுக்கு நாப்பத்தஞ்சு. எதுவும் தொலையல சார், ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்ளோதான். உங்க உடம்புக்கு அதால ஒண்ணும் ஆகாது. ஆனா விந்தணு உருவாகுறப்ப ஜோடிங்க பிரியணும். அப்ப இது ரெண்டும் தடுமாறுது. பாதி அங்கயே நின்னு போயிடும். தப்பிச்சு வர்றதுல சிலது ஒண்ணு கூடவோ ஒண்ணு குறையவோ எடுத்துட்டு வந்திரும். அது தங்காது."

ராஜ்மோகன் ஒட்டியிருந்த ஜோடியின்மேல் விரலை வைத்தான். "ரெண்டு பெட்டிக்கு நடுவுல கப்ளிங்கைக் கழட்டாம ஷண்டிங் பண்ற மாதிரி" என்றான்.

"அப்படியே வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

"அப்ப ஸ்மித்தி? அந்தச் சூடு?"

"அது எப்படி சார் காரணமாகும்? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இது இருக்கு."

அன்றைக்குத் திரும்பி வந்து, பொன்மலை நிறுத்தத்தில் இறங்கும்போது, "ரெண்டு வருஷம் நட்டு எண்ணியிருக்கேன் உமா" என்றான். உமாவுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று லேசாகிக்கொண்டிருந்தது. என் உடம்பு இல்லை. இத்தனை நாளும் என் உடம்பு இல்லை. கட்டினவன் உடைந்துபோய் நிற்கும்போது இப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே, "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "சொல்றேன்" என்றான். இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. அதற்குள் எதிர் குவார்ட்டர்ஸ் மாரியாயி வந்து உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று சோற்றுக்கற்றாழை கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அருகிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

இது பெற்றவர்களிடமிருந்து வந்ததா, புதிதாக நேர்ந்ததா என்று தெரிந்தால் தன் ஆய்வுக்கு உதவும் என்று டாக்டர் அம்மாவின் ரத்தத்தைக் கேட்டார். அப்பா போய்ப் பத்து வருஷம். அதற்குத்தான் இந்தச் சுகர் டெஸ்ட்.

தில்லைநகரில் டாக்டரின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "முதல்ல உங்க குடும்பத்தைப் பத்தி ஒரு படம் போட்டுக்கறேம்மா. ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம்." வட்டம் ஒன்று போட்டு அதன் கீழே மீனாம்பாள் என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு.

"ஏன் அவரை அடிச்சுட்டே?"

"காலமாயிட்டாருன்னு அடையாளம்மா."

மீனாம்பாள் மகன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, சுகருக்கு எதுக்கு உங்கப்பாவைக் கேக்குறாங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க வீட்ல சொல்லலையா? எதுக்குன்னு தெரியாம நான் கையெழுத்து வாங்க முடியாது. ரத்தமும் எடுக்க முடியாது. நான் சொல்லட்டுமா?"

உமா தன் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிவிட வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொன்னால் அது டாக்டர் சொன்னது. நான் சொன்னால் மருமகள் சொன்னது. இரண்டும் வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும். மகன் சொன்னால்தான் உள்ளே நுழையும். ராஜ்மோகனின் விரல்கள் சட்டைப் பொத்தானுக்குப் போயின. பிறகு எடுத்துவிட்டான்.

"வேணாம் மேடம்" என்றான். "அம்மா, இது சுகர் டெஸ்ட் இல்ல."

"அது தெரியுதே."

"உமா உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். அதனாலதான் அது ரெண்டும் தங்கல. பொறக்குறப்பவே இருந்திருக்கு. மூணு வாரமாத் தெரியும். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

மீனாம்பாள் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறெதுவுமா என்று உமாவுக்குத் தெரியவில்லை. மகனைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டேருந்து வந்துச்சா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். எப்படியிருந்தாலும் அது யாரோட தப்பும் இல்லம்மா."

"தப்பை நான் கேக்கல. சரி, எழுது. என்ன எழுதணும்?"

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒத்தப் புள்ள. இவந்தான்."

டாக்டர் ஒரு கட்டம் போட்டு ராஜ்மோகன் என்று எழுதினார். "நடுவுல கலைஞ்சது ஏதாவது உண்டா?"

"நடுவுல இல்ல. முன்னாடி. நாலு."

ராஜ்மோகன் நிமிர்ந்தான். நாற்பது வயதில் அவன் கேள்விப்படாத சேதி. டாக்டர், கலைந்ததற்கு ஒன்று என்று, அவன் கட்டத்துக்கு முன்னால் வரிசையாகச் சின்ன முக்கோணங்கள் போட ஆரம்பித்தார். மீனாம்பாள் மேஜைமேல் குனிந்து பார்த்தாள். மூன்றாவது முக்கோணத்துக்குப் பேனா வந்தபோது, "இரும்மா" என்றாள். "அது அஞ்சு மாசம். பொம்பளப் புள்ள. அதையும் இத்தினியூண்டாத்தான் போடுவியா?"

டாக்டர் தயங்கினார். படம் போடும் முறை அப்படித்தான். ஆனாலும் அந்த மூன்றாவதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

"என்னைய ஈரப்புடவையோட உக்கார வச்சாங்க" என்றாள் மீனாம்பாள், பேனாவைப் பார்த்தபடியே. "ஒரு மண்டலம். உடம்புச் சூடு எறங்கணும்னு. எங்க வீட்டுக்காரரும் ஸ்மித்திதான். அவரை யாரும் ஒண்ணும் கேக்கல."

பிறகு விரலை நகர்த்தினாள். ராஜ்மோகனின் கட்டத்தோடு கோடு போட்டு இணைத்த வட்டம், அதில் உமாமகேஸ்வரி. கீழே இரண்டு முக்கோணம். முந்தைய தடவையே அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்ததால் டாக்டர் கேட்காமலேயே போட்டிருந்தார். "இது ஆடி மாசம் போனது" என்றாள் மீனாம்பாள், முதலாவதைத் தொட்டு. "பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள். இது தையில." அத்தை அந்த நாளையெல்லாம் நினைவில் வைத்திருப்பாள் என்று உமா நினைத்ததே இல்லை. அந்த விரலைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. இத்தனை வருஷம் பேசியதற்கெல்லாம் இது பதிலாகிவிடுமா என்றும் ஒரு மூலையில் கோபம் புரண்டது. இரண்டும் அப்படியே இருந்தன.

மீனாம்பாள் கையெழுத்துப் போட்டாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும். மேற்கொண்டு என்ன வழி என்று அப்போது உட்கார்ந்து பேசலாம், கருவைச் சோதித்துப் பார்த்து வைக்கிற முறையெல்லாம் இருக்கிறது, முயற்சி வேண்டாம் என்றால் அதுவும் ஒரு முடிவுதான் என்றார் டாக்டர். உமா தலையசைத்தாள். முப்பத்தாறு வயதில் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லுமே கனமாக இருந்தன.

வெளியே வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மீனாம்பாளின் இடது கையை மடக்கிப் பஞ்சு வைத்திருந்தார்கள். வலது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். பசியில் உதடு உலர்ந்து லேசாக நடுங்கியது.

"வயிறு காயணும்னே இல்லம்மா" என்றான் ராஜ்மோகன், தரையைப் பார்த்து. "நான்தான் பொய் சொன்னேன்."

"இத்தனை நேரம் கழிச்சுச் சொல்றான் பாரு" என்றாள் மீனாம்பாள். "முதுகுவலியும் அப்படித்தானாடா?"

"ம்."

"அப்ப நாளைக்கே ஸ்மித்திக்குத் திரும்ப எழுதிக் குடு. இன்னாசி அங்க தனியாக் கெடக்கான்."

உமா டப்பாவைத் திறந்தாள். அத்தையின் இரண்டு கையும் ஓய்வாக இல்லை. இட்லியைப் பிட்டுப் பொடியில் ஒற்றி அவள் வாயருகே கொண்டுபோனாள். மீனாம்பாள் ஒரு கணம் மருமகளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ராஜ்மோகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த அஞ்சு மாசத்துப் புள்ளைக்கு" என்றாள் உமா, "ஏதாவது பேர் நெனச்சு வச்சிருந்தீங்களா அத்தை?"

வாய் நிறைய இட்லி இருந்தது. மீனாம்பாள் மென்றுகொண்டே, பொறு என்பதுபோலத் தலையை அசைத்தாள். உமா அடுத்த துண்டை விரலில் பிடித்தபடி காத்திருந்தாள்.