தம்பிக்கு எதிராக ஒரு ஆட்டம்

ஹோல்கர் வென்ட்லாண்ட் எங்கள் கிளப்புக்கு வந்தபோது அவனுக்கு ஆட அனுமதி இல்லை. கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக மேற்கே வந்தவன், அணியோடு திரும்பிப் போகாமல் தங்கிவிட்டான். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. அப்படித் தங்கியவர்களுக்குக் கால்பந்துச் சங்கம் ஒரு வருடம் ஆடத் தடை போடும். பயிற்சிக்கு வரலாம், எங்களோடு சாப்பிடலாம். சனிக்கிழமை ஆட்டத்தன்று மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு மேலே ரசிகர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

என் பெயர் ஓட்மார். நான் அந்த அணியின் கோல்கீப்பர். மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியிலேயே பிறந்து, அங்கேயே ஆடி முடித்தவன். பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஹோல்கர் என்னிடம் வந்து, "கொஞ்ச நேரம் நில்லேன், நாலு பந்து அடிக்கிறேன்" என்பான். நாலு என்பது நாற்பதாகும். இடது காலால் அவன் அடிக்கும் பந்து, கம்பத்துக்கு வெளியே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு உள்ளே திரும்பும். நான் திட்டிக்கொண்டே எடுத்து வீசுவேன். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் அவன் என்னை நிறுத்தி வைக்கிறான் என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கிழக்கே துரிங்கியா பக்கத்து ஆளான அவனுடைய இழுவைப் பேச்சு எங்கள் பையன்களுக்கு வேடிக்கை. "ஏம்ப்பா, உங்க ஊர்ல வாழைப்பழத்துக்கு என்ன பேரு? ஓ, அங்க கடையில அது வர்றதே இல்லையாமே, நீங்கதான் அதைப் பார்த்ததே இல்லையே" என்று உடை மாற்றும் அறையில் ஒருவன் ஆரம்பிப்பான். "பார்த்திருக்கேன். உன்னை மாதிரியேதான் வளைஞ்சிருந்துச்சு" என்று முதலில் ஹோல்கரும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். போகப்போகப் பேச்சையே குறைத்துவிட்டான். மைதானத்தில் "விடு", "எனக்கு", "பின்னால ஆள்". அதற்குமேல் அவன் வாயிலிருந்து எதுவும் வராது.

தடை முடிந்ததும் கோல்களாக அடித்துத் தள்ளினான். முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவனை அள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது பருவத்தில் முழங்கால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு எங்களிடமே திரும்பி வந்தான். பழையபடி பேக்கரிக்கு மேலே அதே இரண்டு அறை. உள்ளே போனால் கட்டில், டி.வி., ஜன்னலோரம் ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி கிடையாது. நான் போனால் கட்டிலில்தான் உட்காருவேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாத்து வறுவல் தின்றான், என் பெண்களோடு சீட்டாடினான், என் அம்மா அவன் தட்டில் உருளைக்கிழங்கு உருண்டைகளாக வைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென எழுந்து, "கால் வலிக்குது, கிளம்புறேன்" என்றான். மறு வருஷம் கூப்பிட்டபோது வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எண்பத்தேழு இலையுதிர் காலத்தில் பயிற்சி மைதான வேலியோரம் ஒரு வயதான அம்மாள் கைப்பையோடு வந்து நின்றார். கிழக்கில் ஓய்வூதியம் வாங்குகிறவர்களை மட்டும் சொந்தக்காரர்களைப் பார்க்க வெளியே விடுவார்கள். பக்கத்து எஸ்ஸன் நகரில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவர் அவர், ஹோல்கரின் ஊர்க்காரர்.

"நீ வென்ட்லாண்ட் வீட்டுப் பெரியவன்தானே?"

"ஆமாம்மா."

"உங்கம்மா வசந்தத்துலயே போயிட்டாப்பா. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் வந்தேன்."

அவன் அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னான். டிராம் நிறுத்தம்வரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான். திரும்பி வந்து மிச்சப் பயிற்சியையும் முடித்தான்.

எண்பத்தொன்பதில் பெர்லின் எல்லைச் சுவர் விழுந்தபோது ஊரே டி.வி. முன்னால் இருந்தது. மறுநாள் நான் கேட்டேன்: "ஊருக்குப் போகலையா?"

"அங்க யாரு இருக்கா?"

"தம்பி இருக்கான்னு சொன்னியே."

"அவனுக்கு நான் இருக்கேனான்னு தெரியல" என்றான்.

தம்பி எக்கார்டும் பந்தாடுகிறவன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை அவனுக்குப் போன் போட்டதாகவும், தன் குரலைக் கேட்டதும் தம்பி வைத்துவிட்டதாகவும் ஹோல்கர் பின்னால் சொன்னான்.

இரண்டு நாடும் ஒன்றான பிறகு வந்த கோடையில், கோப்பைப் போட்டியின் முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு விழுந்தது கிழக்கில் ஒரு சின்ன சுரங்க ஊரின் அமெச்சூர் அணி. ஹோல்கரின் சொந்த ஊர் அது; எக்கார்ட் அங்கேதான் தடுப்பாட்டக்காரன்.

பயிற்சியாளர் ஹோல்கரைத் தனியாகக் கூப்பிட்டார். "முழங்கால் சரியில்லைன்னு நானே சொல்லிடுறேன். நீ வர வேண்டாம்."

"கால் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான்.

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஒலிபெருக்கியில் ஹோல்கரின் பெயரைப் படித்ததும் கேலி விசில். அவன் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் விசில். "ஓடிப்போனவனே, ஓடு" என்று வேலியோரம் யாரோ கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். எக்கார்டுக்குக் கொடுத்த வேலை அண்ணனை விட்டு நகராமல் இருப்பது. இரண்டு பேருக்கும் அதே தோள், அதே ஓட்டம். ஆனால் தம்பி தலை அண்ணனுக்கு முன்னாலேயே நரைக்க ஆரம்பித்திருந்தது. அவன் ஒருமுறைகூடக் காலை வாரவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. பந்தை மட்டும் சுத்தமாக எடுத்துக்கொண்டு போனான். எங்கள் ஆட்களே கொஞ்ச நேரத்தில் ஹோல்கருக்குப் பந்து தருவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது பாதியில் மழை. நான் உதைத்த நீண்ட பந்து காற்றில் இழுபட்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. எக்கார்ட் திரும்பும்போது சறுக்கி விழுந்தான். ஹோல்கருக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாருமில்லை. அடித்தான். உள்ளே போயிற்று.

விசில் நின்றுபோனது. கை தூக்காமல், எங்கள் யாரிடமும் வராமல், திரும்பி நடந்து தம்பிக்குக் கை நீட்டினான். எக்கார்ட் தரையில் கை ஊன்றித் தானே எழுந்தான்.

அந்த ஒரு கோலில் நாங்கள் ஜெயித்தோம். குளித்து முடித்து எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகும் ஹோல்கர் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் இரண்டு பேரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவர் மூலையிலேயே நின்றுவிட்டேன்.

எக்கார்ட்தான் பேசிக்கொண்டிருந்தான். "அந்தக் கோப்பை ஆட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒரே டீம்ல வந்து, ஹோட்டல்ல ஒரே ரூம்ல படுத்திருந்தோம். ஷேவ் பண்ண பிளேடு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனே. நீ எவளோ பொண்ணைப் பார்க்கப் போறேன்னு நினைச்சேன். மேனேஜர் வந்து கேட்டாரு. அண்ணனுக்கு வயித்துப்போக்கு, தூங்குறான்னு சொன்னேன். சாப்பாட்டுக்கும் அதையேதான் சொன்னேன். உன் தட்டை மூடி வேற வெச்சிருந்தேன்."

ஹோல்கர் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் நம்ம அதிகாரிங்க என்ன நினைப்பானுங்க? எனக்கு எல்லாம் தெரியும், நேரம் வாங்கிக் கொடுத்தேன்னு. அந்த வாரமே டீம்ல இருந்து தூக்கிட்டானுங்க. உப்புச் சுரங்கத்துல இறக்கிவிட்டானுங்க. பதினெட்டு வயசு எனக்கு."

"சொன்னா நீயும் மாட்டிக்குவேன்னுதான்டா சொல்லல."

"தெரியும். அதை யோசிச்சுப் பார்க்க எனக்கு நிறைய நேரம் இருந்துச்சு." பிறகு, "வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான்.

"வந்திருப்பியா?"

"இப்ப எப்படித் தெரியும்?"

பஸ் ஹாரன் அடித்தது. ஹோல்கர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க, நான் ரயில்ல வர்றேன்" என்றான். தம்பி எழுந்து தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அம்மாவைக் காட்டுறேன், ஏறு" என்றான். அந்தச் சின்ன வண்டியில் இரண்டு தடித்த ஆட்கள் ஒட்டி உட்கார்ந்து, மழையில் கல்லறைப் பக்கமாகப் போனதை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணன் தம்பியைப் பிடித்துக்கொள்ளவில்லை. இருக்கையின் பின்கம்பியைப் பிடித்திருந்தான்.

கல்லறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எக்கார்ட் அவனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ரயில் காலையில்தான் என்பதால் ஹோல்கர் காத்திருப்பு அறையிலேயே படுத்திருக்கிறான். வரும்போது இருமலோடு வந்தான்.

அந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டான். ஒரு பள்ளி மைதானத்துக்குப் புல் பார்க்கிற வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேக்கரி கைமாறியும் மேலே இருந்த அறைகளை அவன் மாற்றவில்லை.

வருஷம் ஒருமுறை, அம்மா இறந்த மாதத்தில், ரயிலேறிப் போகிறான். எக்கார்ட் ஸ்டேஷனுக்கு வருகிறான். இருவரும் கல்லறையில் களை பிடுங்குகிறார்கள், ஸ்டேஷன் கடையில் நின்றுகொண்டே சாசேஜ் சாப்பிடுகிறார்கள், சாயங்கால வண்டிக்கு இவன் ஏறிவிடுகிறான். எக்கார்டுக்கு மனைவியும் ஒரு மகளும் உண்டு. ஹோல்கர் அவர்களைப் பார்த்ததில்லை.

போன தடவை போய்வந்தவனிடம் கேட்டேன். "இப்பவாவது பேசுறானா?"

"பேசினானே."

"என்ன சொன்னான்?"

"புல்லுக்கு மழை பத்தலைன்னு சொன்னான். எங்க ஊர்லயும் அப்படித்தான்னு சொன்னேன்" என்றான் ஹோல்கர். பிறகு காபியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவப் போனான்.