எட்டரை மணிக் கேட்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. 1988இல் ஒரு கல்யாணத்துக்காக ஓசூர் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், தண்ணீர் குடிக்க அங்கிருந்த பாலிடெக்னிக்குக்குள் நுழைந்தேன். முதல்வர் அறையில் ஆளில்லை. கரும்பலகை நிறைய வட்டங்கள், அம்புக்குறிகள், மேலே 'அழிக்காதீர்கள்'. நடுவட்டத்தில் 'கேட்' என்று எழுதியிருந்தது. ஒரு கேட்டுக்கு இத்தனை அம்பா? அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'சானமாவுக் காட்டில் யானைகள் பிளிற, ஓசூரில் ஆலைச் சங்கு...' வேண்டாம். இந்தக் கதைக்கு யானை எதற்கு?

இரண்டாவது: 'முதல்வர் தீர்த்தகிரி கெட்டவர் அல்ல.' இப்படிச் சொன்னாலே நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆனால் உண்மை அதுதான், இருக்கட்டும்.

ஒன்பதரைக்குத் தொடங்கிய கல்லூரியை அவர் எட்டரைக்கு மாற்றினார். தொழிற்சாலைகள் எட்டரைக்குத் தொடங்கும். பிள்ளைகளுக்கும் அந்த ஒழுங்கு வரட்டுமே. மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். வகுப்புகள் காலியாகத் தொடங்கின. ஒழுங்கு போதவில்லை என்று எண்ணி [இல்லை, பயந்து], வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது என்றார். இன்னும் காலியானது.

3

பெங்களூரில் நிர்வாகப் பயிற்சி ஒன்றுக்குப் போனார். "எதையும் தனியாகப் பார்க்காதீர்கள். எது எதைத் தள்ளுகிறது, அது சுற்றிவந்து எங்கே முட்டுகிறது என்று வரைந்து பாருங்கள்" என்றார்கள்.

வரைந்தார். எட்டரை ஷிப்டுக்காரர்களால் ராயக்கோட்டை பஸ் நிரம்புகிறது. நிரம்பிய பஸ் மாணவர்களை ஏற்றாமல் போகிறது. அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் கேட்டில் நிற்கிறார்கள். அங்கிருந்து எங்கே போகிறார்கள்? 'வீடு' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

(இந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.)

4

அந்தக் கேள்விக்குறிக்காக மறுநாள் காலை சாவியோடு கேட்டின் உள்பக்கம் நின்றார். வெளியே கூட்டம். ஒரு டெம்போ வந்து நின்றது. தொழிற்சாலைகளுக்குத் தினக்கூலி ஆள் சேர்க்கும் நாராயணப்பன் இறங்கினார்.

"ஏறுங்கப்பா, பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். கம்பிக்குள் முதல்வரைப் பார்த்ததும் கும்பிட்டார். "சார், நல்லாருக்கணும் நீங்க. கேட்ட சாத்துனதுலேர்ந்து ஊரூரா அலையற வேலை மிச்சம். படிச்ச பசங்க, ஒரே எடத்துல கெடைக்கறாங்க!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. தீர்த்தகிரிக்கு முகம் சுண்டிப்போனது.*

ஒரு பெண் மட்டும் டெம்போவில் ஏறாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதம்மாள், கடைசி வருஷம்.

"சார், இன்னிக்கும் ஆப்சென்ட்டுன்னா பரீட்சை எழுத முடியாது சார்."

"ஒனக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் லேட்டா வருவாங்களேம்மா."

"இப்பவே எல்லாரும் வெளியதான சார் நிக்கறோம்?"

* நாராயணப்பனை வில்லனாக்கப் பார்த்தேன். மசியவில்லை. அவர் உண்மையாகவே நன்றிதான் சொன்னார்.

5

முடிவு ஒன்று: திறக்கிறார். அது நல்ல முடிவு, ஆனால் நாளை அதே பஸ்தானே...

முடிவு இரண்டு: இன்னும் ஓர் அம்பு போட அறைக்கு ஓடுகிறார். படத்தில் பஸ் இருக்கிறது, கேட் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. திரும்பி வருவதற்குள் டெம்போ போயிருக்கும்.

இதை எழுதிவிட்டு அவரை நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று முறை திருத்தி எழுதியும் மாதம்மாளை வெளியே நிற்கவைத்திருப்பவன் யார்? அவள் உள்ளே போய்விட்டால் என் கதை தீர்ந்துவிடும். கேட் பூட்டியிருப்பதால் நாராயணப்பனுக்கு லாபம், எனக்கும்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டெம்போ உறுமுகிறது. மாதம்மாள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அவள் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். தீர்த்தகிரியிடமிருந்து சாவியை வாங்கி உங்களிடம் தருகிறேன். பேக, பேக.