தென்கிழக்குக் கரையின் கலங்கல்

பத்தொன்பது வருஷமாக மார்லிஸ் ட்வைட் படகின் பின்பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். முன்பக்கம் கணவன் ஆரினுடையது. எங்கே போவது, எத்தனை அடி ஆழத்தில் தூண்டில் இறக்குவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். பின்னால் இருப்பவள் காபி ஊற்றுவாள், மீன் மேலே வந்தால் கைவலையை நீட்டுவாள், வீடு திரும்பியதும் அதை அறுத்துச் சுத்தம் செய்வாள்.

இந்த ஜூன் மாதம் ஆரினுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. கை கட்டுத்துணியில் தொங்கியது. ஊர் மீன்பிடிப் பந்தயத்துக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்தாகிவிட்டது.

"நீ ஓட்டு. எங்க போகணும்னு நான் சொல்றேன்," என்றான்.

சொன்னான். நடு ஏரியில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. வருஷா வருஷம் அதேதான். அவர்களைச் சுற்றி இன்னும் முப்பது படகுகள் அதே பாறையின்மேல் ஆடிக்கொண்டிருந்தன. மூன்று மணிக்குள் ஒரு படகு வால்ஐ என்ற ஏரி மீன்கள் ஐந்தை எடைக்குக் கொண்டுவரலாம். அதில் ஒன்று மட்டும் இருபது அங்குலத்தைத் தாண்டலாம். அந்த ஒன்றுதான் ஜெயிப்பது யார் என்று தீர்மானிக்கும். நண்பகலில் அவர்களிடம் நாலு இருந்தன. நாலும் சின்னவை.

மார்லிஸ் மீன்தொட்டியின் மூடியைத் திறந்தாள். ஒரு வால்ஐ எதையோ கக்கியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நீளத்தில் மஞ்சள் பெர்ச் மீன்குஞ்சு, செதில்கூட இன்னும் கரையவில்லை. கரையோரப் புல்லில் மட்டும் இருக்கும் குஞ்சு.

அறுக்கும் மேசையில் அவள் பார்க்காத மீன் வயிறு இல்லை. பாறையில் பிடித்தவற்றின் வயிறு பெரும்பாலும் காலி. இரண்டு நாளாக வடமேற்கிலிருந்து காற்று அடித்து, தென்கிழக்குக் கரையைக் காபி நிறத்துக்குக் கலக்கி வைத்திருந்தது. வால்ஐயின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. தெளிந்த தண்ணீரில் அது ஆழத்தில் ஒடுங்கிக் கிடக்கும், கலங்கினால் கரை வரைக்கும் ஏறி வந்து மேயும். பெரியவை இப்போது அங்கே இருந்தன. அவளுக்குத் தெரிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு வேலை செய்வாள். "போன வருஷம் வெண்டல் அந்தப் பக்கம் போனானாமே," என்று ஊர்க்காரன் ஒருவன் பேரை இழுத்து, யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, காபி மூடியைத் திருகுவாள். கால் மணி நேரம் கழித்து ஆரின் தனக்கே தோன்றியதுபோல் படகைத் திருப்புவான். ஒரு காலத்தில் அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் மீன் கிடைத்தால் அது அவனுடைய யோசனை, கிடைக்காவிட்டாலும் அவனுடையதுதான். தன் வாயால் சொல்லாத ஒன்று சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. தனக்கு மீனைப் பற்றித் தெரியுமா, அல்லது தெரியும் என்று பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறாளா?

"தென்கிழக்குக் கரைக்குப் போறேன்," என்றாள்.

ஆரின் சாண்ட்விச்சை இறக்கினான். "யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"அங்க நாலடி தண்ணி. வெறும் சேறு. அலை நம்மளத் தூக்கிக் கரையில போடும்."

"சேறுதான் வேணும்."

"ஒரு மீன் பாக்கி இருக்கு மார்லிஸ். இன்னிக்குத்தானா உனக்கு இந்த யோசனை?"

அவள் மோட்டாரைக் கிளப்பினாள். பக்கத்துப் படகில் வெண்டல் தொப்பியைத் தூக்கினான். "என்ன மார்லிஸ், அடுப்புல ஏதாவது வெச்சிட்டு வந்துட்டியா?"

"ஆமா. உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறேன்."

கரையில் அலை ஆரின் சொன்னபடியே இருந்தது. காற்று படகை இழுத்த வேகத்தில் தூண்டில் தரையைத் தொடவே இல்லை. மார்லிஸ் இரை கொண்டுவந்த இரண்டு பெரிய வாளிகளையும் காலி செய்து, கயிறு கட்டிப் படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். வாளிகள் தண்ணீரைக் கவ்வின. படகு மனமில்லாமல் நகர்பவன்போல் மெதுவானது. ஆரின் வாளிகளைப் பார்த்தான்.

சின்ன முள், உயிருள்ள அட்டை, ஒரு துளி ஈயம். கோலின் சுருளைத் திறந்துவிட்டு, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் மட்டும் தாங்கிக்கொண்டாள். இரண்டாவது தடவை கரையோரமாக வரும்போது விரலில் ஒரு மெல்லிய இழுப்பு; சட்டையில் நூல் பிரிவதுபோல.

"இழு, இழு," என்றான் ஆரின்.

இழுத்தாள். முள் வெறுமையாக வந்தது, பாதி அட்டையோடு.

அவளுக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை. அவன் குரல் கேட்டதும் தன் கை தானாக அசைந்ததே, அதன்மேல் வந்தது. விரலுக்குத் தெரிந்திருந்தது, பொறு என்று.

"அடுத்த தடவை பேசாம இரு."

"நான் என்ன..."

"பேசாம இரு, ஆரின்."

மணி இரண்டு ஆனது. இரண்டே காலுக்கு மறுபடி அந்த இழுப்பு. அவள் விரலைத் திறந்து நரம்பை விட்டாள். நரம்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஆரின் வாயைத் திறந்து மூடியது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஓடட்டும். விழுங்கட்டும். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நீளமாக யாருடைய அனுமதியும் இல்லாமல் அவள் காத்திருந்ததில்லை. நரம்பு மூன்றாவது முறை இறுகியபோது சுருளை மூடி, கோலை உயர்த்தினாள்.

கனம். பாறையில் மாட்டியதுபோல் முதலில் அசையாத கனம். பிறகு அந்தப் பாறை தலையை ஆட்டியது.

"வலை," என்றாள்.

ஆரின் இடது கையில் வலையை எடுத்தான். அவன் வாழ்நாளில் மனைவிக்கு வலை பிடித்ததில்லை. மீன் பக்கவாட்டில் வெளிப்பட்டதும் அதை வலையால் துரத்திக் குத்தினான். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது.

"துரத்தாத. வலையத் தண்ணிக்குள்ள போட்டு அசையாம வை. நான் கொண்டுவந்து விடறேன்."

வைத்தான். அவள் மீனின் தலையை முன்னால் வரவைத்து, வலையின் வாய்க்குள் அதை நடத்திச் சென்றாள். ஆரின் ஒரே கையால் தூக்க முடியாமல் வலையோடு முழங்காலில் விழுந்தான். பொன் நிற உடம்பு, வெள்ளை நுனி வால், பால் படர்ந்ததுபோன்ற பெரிய கண்.

அளவுகோல் இருபத்தொன்பது அங்குலம் காட்டியது.

முழங்காலிலிருந்தே ஆரின் நிமிர்ந்து பார்த்தான். "இங்க இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மீன அறுக்கறது யாரு?"

"வெண்டல் அந்தப் பக்கம் போனானாமேன்னு சொல்லுவியே," என்றான் மெதுவாக. "அவன் போனதே இல்லதானே?"

"ஒரு தடவகூட இல்ல."

எடை மேடையில் இரைக் கடை லவெர்ன் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தான். பெரியது மட்டும் ஒன்பது பவுண்டு. இரண்டாவதாக வந்த வெண்டலின் ஐந்து மீன்களையும் அது ஏறக்குறைய ஒற்றையாகவே ஈடுகட்டியது. மரத்தில் செதுக்கிய பரிசு மீனை லவெர்ன் ஆரினிடம் நீட்ட, ஆரின் கட்டுப் போட்ட தோளைக் காட்டினான். "தூக்க முடியாது. எப்படியும் அது என்னோடது இல்ல. நான் வலைதான் பிடிச்சேன். அதையும் சரியாப் பிடிக்கல."

லவெர்ன் மைக்கை மார்லிஸிடம் கொடுத்தான். ஜெயித்தவர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அதில் பொய் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம். போன வருஷம் ஜெயித்தவன் தேவாலய வாகன நிறுத்தத்தில் பிடித்ததாகச் சொன்னான்.

மார்லிஸ் மைக்கைப் பிடித்தாள். குரல் ஒலிபெருக்கியில் பெரிதாகத் திரும்பி வந்தபோது ஒரு கணம் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. பிறகு தன்னுடையது என்று தெரிந்தது.

"தென்கிழக்குக் கரை," என்றாள். "நாலடி தண்ணி. சேறு. ரெண்டு வாளியக் கட்டிப் படகை மெதுவாக்கினேன். கடிச்சதும் இழுக்கல."

கூட்டம் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். வெண்டல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வாளியாம். மார்லிஸ், இந்த வருஷப் பொய் இதுதான்."

ஆரின் சிரிக்கவில்லை. அவன் நிமிர்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் மர மீனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். நம்பாவிட்டால் போகிறார்கள். படகுத்துறைக்கு வந்ததும் ஆரின் பழக்கத்தில் முன்பக்கம் நோக்கி இரண்டு எட்டு வைத்தான், நின்றான், பின்பக்கம் போய் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தான்.

"காபி வேணுமா?" என்றான்.

"ஊத்து," என்றாள்.