டார்கஸ் அத்தை நீந்தியதைக் கண்டவர்கள்

எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவனை நம்பமாட்டோம். தெரிந்தவனாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு நேரே சமையலறைக்கு வந்து, கெட்டிலில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பான். தட்டுகிறவன் போலீஸ்காரன்; இல்லையென்றால் மீன் இலாகாக்காரன்; அதுவும் இல்லையென்றால் புதிதாக ஒரு மதத்தோடு வந்திருப்பவன்.

அந்தச் செப்டம்பர் காலையில் என் கதவைத் தட்டிய மனிதரிடம் பைபிளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

"ஹெட்லி நீங்கதானே? அருங்காட்சியகப் பொறுப்பாளர்?"

அருங்காட்சியகம் என்பது பழைய மீன் ஆலையின் ஆபீஸ் அறை. பொறுப்பாளர் என்பது, ஆளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் தூங்கிவிட்டவன். இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

"என் பேரு விட்கோம். ஒட்டாவாவிலேர்ந்து வர்றேன். டார்கஸ் பார்டி அம்மா ஜலசந்தியை நீந்தினாங்களே, அதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். யாரெல்லாம் பாத்தீங்க?"

யாரெல்லாம் பார்த்தீர்கள்! எடுத்த எடுப்பிலேயே அடிமடியில் கை வைத்துவிட்டார்.

பட்டன் குடாவுக்குள் நுழையும் வளைவில் ஒரு பலகை இருக்கிறது. ஊருக்குப் புகழ் சேர்த்தவர்கள் என்று மூன்று பேர். முதலாமவர், பெரிய ஹாக்கி அணிக்காக நான்கு ஆட்டம் ஆடியவர். அதில் மூன்றில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் பிஷப். அவருடைய அம்மா கப்பலில் எங்கோ போய்க்கொண்டிருந்தபோது வலி கண்டு இங்கே இறங்கிப் பெற்றுப்போட்டாள். கைக்குழந்தையாகப் போனவர் பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாமவர் டார்கஸ் அத்தை. 1963-இல், பத்தொன்பது வயதில், இங்கிருந்து எதிரே உள்ள நரித்தீவு வரை நீந்தியவர். மூவரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். மளிகைக் கடையில் நாங்கள் பார்த்து "என்ன அத்தை, சௌக்கியமா?" என்று கேட்கக்கூடிய ஒரே புகழும் அவர்தான்.

அந்த மாதக் கடைசியில் நரித்தீவுக்குப் போய்வரப் புதுக் கப்பல் வர இருந்தது. அதற்கு அத்தையின் பெயரை வைப்பதாக இருந்தார்கள். அன்றைக்குப் போட்டுக்கொள்ள அத்தை ஒரு நீலக் கோட்டு வாங்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

சங்கடம் என்னவென்றால், அவர் நீந்தியதை யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாமல்தான் தண்ணீரில் இறங்கினார். அன்றைக்குக் கடுமையான மூடுபனி. கூடவே சிறு படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போன அண்ணன் அசரியாதான் ஒரே சாட்சி.

அசரியா நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் "மழை பெய்யுது" என்றால் நாங்கள் கையை வெளியே நீட்டிப் பார்ப்போம். அந்த நீச்சலில் முதல் வருடம் ஒரு திமிங்கலம் துணைக்கு வந்தது. மறு வருடம் இரண்டு. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள், தங்கை பனிப்பாறைமேல் ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்ததாகவும், தான் அதன்மேலேயே தேநீர் போட்டதாகவும் கதை வளர்ந்துவிட்டது.

எங்கள் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆகஸ்டில் கால் வைத்தால்கூட முழங்கால்வரை மரத்து நம்முடையது இல்லாமல் போய்விடும். ஆகவே ஊர் மனதுக்குள் கணக்குப் போட்டது. பனி, குளிர், அசரியா. அண்ணன் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரையருகே இறக்கிவிட்டிருப்பான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கணவன் மனைவிக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் கடல் அந்தப் பெண்ணின் அப்பாவைக் கொண்டுபோயிருந்தது. அவளுக்கு இதாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். வெளியாள் கேட்டால் மட்டும், பார்த்தோம் என்போம்.

"நானே பாத்தேன்" என்றேன் விட்கோமிடம். "நரித்தீவுக் கரையில, எங்கப்பா தோள்மேல உட்காந்து."

எனக்கு அப்போது தட்டம்மை. இருட்டறையில் படுத்துக் கிடந்தேன். ஆனால் இந்தத் தோள் கதையைச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, அப்பாவின் தொப்பி வாசனைகூட இப்போது எனக்கு நினைவிருக்கிறது.

"பனி இருந்துச்சுன்னாங்களே?"

"என் கண்ணு அப்போ நல்லா இருந்துச்சு."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் வளைவு திரும்புவதற்குள் நான் பின்பக்கமாக மினர்வாவின் மளிகைக் கடைக்கு ஓடினேன். எங்கள் ஊரில் தந்தி ஆபீஸை மூடியபோது யாரும் வருத்தப்படாததற்குக் காரணம் மினர்வா.

"பத்திரிகைக்காரன்" என்றாள் அவள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "காலையில வந்தான். டீத்தூள் வாங்கினான். பால் வாங்கலை. பாலில்லாம டீ குடிக்கிறவன் மனசுல என்ன இருக்கும்?"

கார்லண்ட் கருவாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். "கப்பல்ல அத்தை பேரை எழுத விடாம பண்ணத்தான் வந்திருக்கான். அந்த நீச்சல் சாதனை சங்கத்து ஆளா இருக்கும். வந்தான்னா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். பாத்தோம். அவ்வளவுதான்."

"நீ அப்போ பொறக்கவே இல்லையேடா" என்றேன்.

"அது அவனுக்குத் தெரியுமா?"

புதிதாக வந்த பாதிரியாரிடமும் சொல்லிவைத்தோம். புதிது என்றால், வந்து பதினைந்து வருடம்தான் ஆகிறது.

அடுத்த நாட்களில் விட்கோம் வீடு வீடாகப் போனார். நான் பறவை பார்க்கிற பாவனையில் தொலைநோக்கியோடு பின்னாலேயே போனேன். அந்த வாரம் பார்த்து ஒரு பறவையும் வரவில்லை. ஒருமுறை அவர் திரும்பி எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். வேறென்ன செய்வது?

வார முடிவில் அருங்காட்சியகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஹெட்லி, நான் யாருன்னு யாருமே கேக்கலை. கப்பல் துறை அனுப்பின ஆள் நான். புதுக் கப்பல்ல ஒரு பித்தளைத் தகடு வைக்கிறாங்க. அதுல நாலு வரி எழுதத்தான் வந்தேன். வந்தப்போ எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

"இப்போ?"

"இப்போ நாற்பது பேருக்கு மேல கரையில நின்னு பாத்திருக்காங்க. அன்னிக்கு வெயில் கொளுத்துச்சுன்னு மினர்வாம்மா சொல்றாங்க. பாதிரியார் கைத்தாங்கலா தூக்கிவிட்டாராம். கார்லண்ட் அக்கார்டியன் வாசிச்சாராம். அவர் பொறந்ததே ரெண்டு வருஷம் கழிச்சு."

"சின்ன வயசுலயே அவன் கொஞ்சம் சூட்டிகை."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஊரே சேர்ந்து இப்படிப் பொய் சொல்லுதுன்னா, மறைக்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நீந்தினாங்கன்னு நான் எழுத முடியாது. கப்பலுக்கு வேற பேரு பாக்கச் சொல்லி துறைக்குச் சொல்லிடுவேன். நாளைக்கு அந்தம்மாவை நேர்ல பாத்துச் சொல்லிட்டுக் கிளம்பறேன். அது மரியாதை."

இருந்த ஒரே புகழையும் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அடியோடு பிடுங்கிவிட்டோம். இதை அந்நியர் வாயால் அத்தை கேட்கக் கூடாது என்று நானே கிளம்பினேன்.

அத்தை அடுப்பில் சிவப்பு பெர்ரி ஜாம் கிளறிக்கொண்டிருந்தார். நீலக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

"ஒரு சின்ன விஷயம் அத்தை."

"சின்ன விஷயத்துக்கு நீ தொப்பியைக் கழட்டமாட்டியே. யாரு செத்தா?"

சொன்னேன். திமிங்கலம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்தார்.

"எதுக்குடா அத்தனை பேரும் பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தான்."

"எதுலேர்ந்து என்னைக் காப்பாத்த?"

நான் ஜாமைப் பார்த்தேன். அதில் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன.

"ஹெட்லி. நான் நீந்தலைன்னு நினைச்சியா?"

நான் தொப்பியின் விளிம்பைத் திருகினேன். அதுவே பதிலாகிவிட்டது.

"மினர்வாவும்? கார்லண்டும்? எல்லாருமா?" அத்தை மெல்ல உட்கார்ந்தார். அசரியாவைப் புதைத்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "அறுபது வருஷமா கடையில என்னைப் பாத்துச் சிரிச்சீங்களே. அது பாவம்னு சிரிச்சதா?"

"அப்படியில்லை அத்தை…"

"ஒருத்தன்கூடக் கேக்கலையேடா. டார்கஸ், நிஜமா நீந்தினியான்னு ஒரு வார்த்தை. சரி, இப்போ கேளு."

"நீந்தினீங்களா அத்தை?"

"நீந்தினேன். நம்பறியா?"

நான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம், ஒரு சின்னக் கணம், தாமதித்துவிட்டேன். அறுபது வருடப் பழக்கம். அத்தை மீன் விற்றுப் பழகியவர். அந்தக் கணத்தை அவர் எடைபோட்டுவிட்டார்.

"போ" என்றார். "அந்த ஆளு நாளைக்கு இங்க வர்றதுக்குள்ள ஒவ்வொருத்தரும் அவர்கிட்ட போய், நாங்க பாக்கலைன்னு சொல்லணும். எனக்கு ஒரு சாட்சியும் வேண்டாம்."

"அப்புறம் உங்க வார்த்தை மட்டும்தானே இருக்கும்?"

"அது பத்தலைன்னா கப்பலுக்கு அந்த பிஷப்பு பேரையே வைக்கட்டும்."

வீடு வீடாகப் போனேன். பொய் சொல்லவைப்பது சுலபம். திரும்ப வாங்கவைப்பதுதான் பாடு. "பாக்கலைன்னு எப்படிய்யா சொல்றது?" என்று மினர்வா கண் கலங்கினாள். "எனக்கு இப்போ நல்லா ஞாபகமே இருக்கே! அவ தலைமுடி சொட்டச்சொட்ட…" கார்லண்ட், "அக்கார்டியனை மட்டும் வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். ஆனால் அத்தை கேட்ட 'அது பாவம்னு சிரிச்சதா' என்பதை அப்படியே நான் சொன்னதும், ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். மறுநாள் காலை தூறலில், விட்கோம் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஊரே வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பாதிரியார் மட்டும் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முதலாவதாகப் போனவன் நான். தட்டம்மையைச் சொன்னேன்.

பத்து மணிக்கு விட்கோம் அத்தையின் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்போரம் நின்றேன். அத்தை என்னைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை" என்று அத்தை ஆரம்பித்தார். "உடம்பெல்லாம் ஆட்டுக்கொழுப்பு பூசிக்கிட்டு இறங்கினேன். எங்கப்பாவைக் கொண்டுபோன தண்ணி. என்னையும் கொண்டுபோகுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு. பத்தொன்பது வயசு, வேற என்ன காரணம் வேணும்? பனியில எதுவும் தெரியலை. படகோட பக்கப் பலகைதான் தெரிஞ்சுது. அதுல தார் வழிஞ்சு காஞ்ச ஒரு கோடு. அதையே பாத்துக்கிட்டு நீந்தினேன். கொஞ்சமா நஞ்சமா சலிப்பு? சாவைக்கூட நினைக்க முடியலை, அவ்வளவு சலிப்பு."

"அண்ணன் ஏதாவது பேசினாரா?"

அத்தை நாற்காலியில் இருந்த கோட்டின் கையை நேராக்கினார்.

"பாதி தூரத்துக்கு மேல என் உதடு நீலமாயிடுச்சு. ஏறு, ஏறுன்னான். மாட்டேன்னேன். கெஞ்சினான். அப்புறம் அழ ஆரம்பிச்சான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, துடுப்பையும் விடாம, ஓன்னு அழுதான். 'அப்பாவும் போயாச்சு, நீயும் போனா அந்த வீட்டுக்கு நான் எப்படிடி தனியா திரும்பிப் போவேன்'னு. கரை வர்ற வரைக்கும் நிறுத்தலை. அங்க ஈ காக்கா இல்லை. நான் கல்லுமேல விழுந்து கிடக்கேன், என்மேல போர்வையைப் போட்டுட்டு அவன் முதல்ல சொன்னது, 'நான் அழுதேன்னு ஊர்ல சொல்லிடாதே டார்கஸ்'னு."

அத்தை கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"வந்த உடனே ஊர் கேட்டுச்சு, நீ படகுல என்னடா பண்ணேன்னு. அவன் என்ன சொல்லுவான்? திமிங்கலம் பாத்தேன்னான். நான் சும்மா இருந்தேன். இப்போ அவன் போயாச்சு. கோவிச்சுக்கமாட்டான்."

விட்கோம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் ஏதோ எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னன்னு எழுதினீங்க?" என்று கேட்டார் அத்தை.

"நீந்தினாங்கன்னு."

"யாரும் பாக்கலையே?"

"ஒரு விஷயத்தைப் பாக்கலைன்னு இத்தனை பேர் மழையில வரிசையில நின்னு சொல்லி நான் கேட்டதில்லைம்மா. உங்களுக்காக அதையும் செய்யறாங்களே. அதோட, பொய் சொல்றவங்க சலிப்பா இருந்துச்சுன்னு சொல்லமாட்டாங்க" என்றார் அவர். எழுந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும். ஜாடிகளில் ஜாம் ஆறிக்கொண்டிருந்தது. படகுப் பலகையில் காய்ந்த அந்தத் தார்க் கோடு என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் தொப்பி வாசனை நினைவிருப்பதுபோல் அல்ல, இது வேறு.

"நம்பறேன் அத்தை" என்றேன்.

அவர் திரும்பி, மீனின் கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"இதுவும் எனக்காகத்தானா?"

"இல்லை அத்தை. நிஜமா."

"அசரியாவும் 'நிஜமா'ன்னுதான் ஆரம்பிப்பான்."

அம்மாமேல் சத்தியம் செய்தேன். நானே ஓடு மாற்றிய தேவாலயக் கூரைமேல் சத்தியம் செய்தேன். ஒவ்வொரு சத்தியமும் போன சத்தியத்தைவிடப் பொய்யாக என் காதிலேயே விழுந்தது. அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு ரொட்டித் துண்டில் ஜாம் தடவி என் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து தின்னு" என்றார். "உன்னை நம்பலாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."