ஆறுச்சாமி விசாரித்த முப்பத்து மூன்றாவது வரன்

துடியலூர் ஆறுச்சாமிக்கு பீடி, சீட்டு, தண்ணி என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. விசாரிப்பார், அவ்வளவுதான். சொந்தபந்தத்தில் யார் பெண் கொடுத்தாலும் எடுத்தாலும், ஜாதகம் பார்த்த கையோடு இவருக்குப் போன் வந்துவிடும். "மாமா, ஒரு எட்டு போய் விசாரிச்சுப் போட்டு வந்துருங்க." மனுசன் உடனே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் பையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பஞ்சாலை டைம் ஆபீசில் முப்பது வருசம் உட்கார்ந்தவர். எவன் எத்தனை மணிக்கு வந்தான், எவனுடைய மாமியார் லீவுக்காக எத்தனை தடவை செத்தார் என்று கணக்கு வைத்திருந்த ஆள். ரிட்டயரான பிறகு அந்தப் புத்தி எங்கே போகும்?

அவருக்கென்று ஒரு முறை உண்டு. பையன் வீட்டுப் பக்கமே போக மாட்டார். வேலை பார்க்கிற ஆபீசுக்குப் போவார். எதிரில் இருக்கிற பேக்கரி, அப்புறம் வாட்ச்மேன், அப்புறம் ஜெராக்ஸ் கடை. எங்கே போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணி கேட்பார். தண்ணி கொடுத்தவன் பேசாமல் இருக்க மாட்டான் என்பது அவருடைய அனுபவம். ஒரு மாப்பிள்ளை தினமும் மத்தியானம் காருக்குள் படுத்துத் தூங்குகிறான் என்று கண்டுபிடித்து, பத்திரிகை அடிக்கிற நிலைமையில் இருந்த கல்யாணத்தையே நிறுத்தியவர் அவர். இப்படி முப்பத்து இரண்டு வரன் விசாரித்திருக்கிறார்.

முப்பத்து மூன்றாவது, சொந்த மகளுக்கே வந்தது.

மோகனப்பிரியாவுக்கு இருபத்தேழு வயசு. சரவணம்பட்டியில் எட்டு மாடிக் கம்பெனியில் வேலை. அந்த எட்டு மாடியைப் பற்றி ஆறுச்சாமி பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்குக் கழுத்து வலிக்கும். அந்த முப்பத்து இரண்டில் நாலு இவளுக்கு வந்தவை; நாலையும் விசாரித்தே தட்டிவிட்டார். இப்போது வந்திருப்பவன் கோபிசெட்டிபாளையம் மனோஜ்குமார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வந்தபோது மொட்டை மாடியில் தனியாகப் பேசவிட்டார்கள். இறங்கி வந்த மகள் முகத்தைப் பார்த்ததுமே அவளுடைய அம்மா செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது, பிள்ளைக்குப் பிடித்துவிட்டதென்று.

ஆறுச்சாமிதான் விடவில்லை. பலகாரத் தட்டைப் பையன் பக்கம் நகர்த்திவிட்டு ஆரம்பித்தார்.

"தம்பி, ஆபீஸ் எங்கீங்க?"

"ஆபீஸ் இல்லீங்க. ஊட்லிருந்தே வேலைங்க."

"அது சரிங்க. ஹெட் ஆபீஸ் எங்க?"

"அதும் இல்லீங்க. மொத்தமே இருபத்து மூணு பேருங்க, ஒம்பது நாட்டுல இருக்கறோம். அவங்கவங்க ஊட்லதானுங்க."

"மேனேஜரு?"

"போர்ச்சுகல்ல ஒரு அம்மணிங்க."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"நேர்ல இல்லீங்க. திரையில பாத்திருக்கேன், கழுத்துக்கு மேல."

ஆறுச்சாமிக்கு வேர்த்துவிட்டது. "வாட்ச்மேனாவது இருப்பாப்லயா?" என்று கேட்டார். குரலில் கெஞ்சலே வந்துவிட்டது. இல்லையாம். சரி, எதிரில் பேக்கரி? வீட்டு எதிரில் வாழைத்தோப்புதானாம். டீ அம்மா போட்டுத் தருவார்களாம். அட கொடுமையே! இந்த உலகத்தில் ஒரு மனுசனைப் பற்றி யாரிடம்தான் கேட்பது?

அதற்காக விட்டுவிடுவாரா? மறுநாளே கோபிக்கு பஸ் ஏறினார். பையன் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி அகப்பட்டது. தண்ணி கேட்டார்.

"அந்தத் தம்பிங்களா? தங்கமானவருங்க," என்றார் பேக்கரிக்காரர். "ஆனா வேலைக்குப் போயி நான் பாத்ததில்லீங்க. பதனோரு மணிக்கு வந்து தேங்காபன்னு வாங்கிட்டுப் போவாருங்க. மேல நல்ல சட்டை, கீழ அரை டவுசரு."

பக்கத்து இஸ்திரிக்கடை அம்மாள் இன்னும் ஒருபடி மேலே போனாள். "வாரம் அஞ்சு சட்டை வருதுங்க சாமி. பேன்ட்டு வந்து மூணு வருசமாச்சு."

போதாதா? பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஆறுச்சாமி அந்த அஞ்சு சட்டையையே நினைத்துக்கொண்டு வந்தார். பேன்ட் போட வேண்டாத வேலை என்ன வேலை? சாமியார் வேலை, இல்லாவிட்டால் நீச்சல் வாத்தியார் வேலை. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "இந்த வரன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மோகனப்பிரியா எழுந்து வந்தாள். "ஏனுங்கப்பா, அவரு பாக்கறது நெசமான வேலைதானுங்க. இப்பெல்லாம் நெறையப் பேரு அப்படித்தான் பாக்கறாங்க."

"எது கண்ணு வேலை? உன்னையாட்ட நேரத்துக்குக் கெளம்பி, எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போயி, அட்டையத் தேச்சு உள்ள போனா அது வேலை. ஊட்ல ஒக்காந்துக்கறதுக்குப் பேரு ரிட்டயர்மெண்டு. அத நான் பாத்துட்டிருக்கேன். ஒரு ஊட்டுக்கு ஒருத்தர் பத்தாதா?"

மோகனப்பிரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வந்திக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நாலு பேரத் தட்டி உட்டாச்சு. இந்தப் பையன அவளுக்குப் புடிச்சிருக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள சேதி சொல்லலீன்னா அவங்க வேற எடம் பாக்கப் போறாங்களாமா. இதும் போச்சுன்னா புள்ள மனசு உட்டுப்போயிரும், சொல்லிப்போட்டேன்." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. ஆறுச்சாமிக்கும் உள்ளுக்குள் ஆடித்தான் போயிற்று. மகள் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் விசாரிக்காமல் கொடுக்கப் பயம்.

ராத்திரியெல்லாம் புரண்டு படுத்ததில் ஒரு யோசனை வந்தது. மகள் வேலை பார்க்கிற கம்பெனி எட்டு மாடி. அத்தனை பேர் இருக்கிற இடத்தில், ஆபீசே இல்லாத இந்தக் கம்பெனி நிஜமா பொய்யா என்று தெரிந்த ஆள் ஒருத்தராவது இருக்க மாட்டாரா? மகளையே வெளியே கூப்பிட்டு, அவளுடைய மேனேஜரிடம் கூட்டிப்போகச் சொல்லலாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு சரவணம்பட்டியில் போய் இறங்கினார். கட்டடத்தை அடியிலிருந்து நுனிவரை அண்ணாந்து பார்த்து, பெருமையாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, வாசல் செக்யூரிட்டியிடம் போனார்.

"மோகனப்பிரியாவக் கூப்புடுங்க தம்பி. அஞ்சாவது மாடி. அப்பா வந்திருக்காருன்னு சொல்லுங்க."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லீங்களே அய்யா."

"நல்லாப் பாருங்க. அஞ்சு வருசமா இருக்கறா."

"அஞ்சாவது மாடியே இப்ப காலிங்கய்யா. அஞ்சு மாசத்துக்கு முன்னால ஒரே நாள்ல அறுவது பேர அனுப்பிட்டாங்க. காலையில வந்து அட்டையத் தேக்கறாங்க, கதவு தொறக்கல. வேலை போனதே அப்பத்தான் அவங்களுக்குத் தெரியும். அந்த வேலையெல்லாம் இப்பக் கம்ப்யூட்டரே பாத்துக்குதாமுங்க."

ஆறுச்சாமி விரல் விட்டு எண்ணினார். அஞ்சு மாசமா? தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறாளே! பொழுதோடு ஏழு மணிக்கு வருகிறாளே! அப்படியென்றால் இந்தப் பிள்ளை எங்கே போகிறது? மகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வேறு எந்த அப்பனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் ஆறுச்சாமியின் கால்கள் பழகின கால்கள், நேராக எதிர் பேக்கரிக்குப் போய் நின்றன. ஒரு டம்ளர் தண்ணி கேட்டுவிட்டு, மகள் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"மோகனாக்காவுங்களா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண். "அதா, பக்கத்துக் கட்டடம், மூணாவது மாடி. வேலை பாக்கறதுக்கு மேசை நாற்காலி வாடகைக்கு உடற எடமுங்க. அக்கா அங்கதான் ஒக்காந்து வேலை பாக்குது."

மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முப்பது வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். மேசையில் ரூபினா என்று பெயர்ப் பலகை. ஆறுச்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "சித்த தண்ணி குடும்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க மோகனப்பிரியான்னு ஒரு புள்ள..." என்று இழுத்தார்.

ரூபினா அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், மஞ்சள் பையைப் பார்த்தாள், சிரித்தாள். "மாப்பிள்ளை ஊட்லிருந்து விசாரிக்க வந்திருக்கீங்களா?"

இல்லை, நான்தான் அப்பன் என்று சொல்லியிருக்க வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே! "ஆமாங்க," என்று சொல்லிவிட்டது.

"புள்ள எப்படீங்க?" என்று கேட்டார். முப்பத்து இரண்டு தடவை கேட்ட கேள்வி. இந்தத் தடவைதான் பதிலைக் கேட்கப் பயமாக இருந்தது.

"தங்கமுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் ரூபினா. "வேலை போன அன்னிக்கு இங்க வந்து பாத்ரூமுல நின்னு மத்தியானம் வரைக்கும் அழுதுச்சுங்க. நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன். மறுநாளே வந்து மூலையில ஒரு மேசையப் புடிச்சுப்போட்டுது. ரெண்டு மாசம் வேலை தேடுச்சு, கெடைக்கல. அப்பறம் பாத்துச்சு, எந்தக் கம்ப்யூட்டரு தன்னோட வேலையப் புடுங்குச்சோ அதையே கத்துக்கிட்டுது. இப்பத் திருப்பூர் பனியன் கம்பெனி ரெண்டு, பீளமேட்டு மோட்டார் கம்பெனி ஒண்ணு. வெளிநாட்டுக்காரங்க கேக்கற கேள்விக்கெல்லாம் கம்ப்யூட்டரே பதில் எழுதற மாதிரி செஞ்சு குடுக்குதுங்க. கூட ரெண்டு பொண்ணுங்களயும் சேத்திருக்குது. அந்தப் பொண்ணுங்களுக்கு நம்ம மோகனாதான் மொதலாளி."

மொதலாளி! ஆறுச்சாமி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நீள மேசையில் அவருடைய மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரிடமோ இங்கிலீஷில் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் அவள் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

"ஊட்ல இதெல்லாம் சொல்லிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"அதுதான் ஒரே கொறைங்க." ரூபினா குரலைத் தாழ்த்தினாள். "அவங்கப்பா ஒருத்தரு இருக்காருங்களாமா. ஊர்ல இருக்கற அத்தன பேரையும் விசாரிப்பாராமா. இந்தப் புள்ளைய மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டாராமா. 'ஏங்கண்ணு, இன்னிக்கு ஆபீஸ் எப்படியிருந்துச்சுன்னு எங்கப்பா ஒரே ஒரு நாள் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்க்கா, கேக்கவே இல்ல'ன்னு எங்கிட்டச் சொல்லி அழுதுச்சுங்க. எட்டு மாடி எட்டு மாடின்னே பேசிட்டிருப்பாராமா. அந்த மாடி இல்லீன்னு எப்படிங்க அவருகிட்டச் சொல்லும்?"

ஆறுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க அந்தாளுக்குப் பயந்துட்டு சம்பந்தத்த உட்றாதீங்க," என்று ரூபினா ஆறுதல் சொன்னாள். "புள்ள வேற, அப்பன் வேறங்க."

"அப்பன் ஆளு சரியில்லீங்களா?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"மோசமுன்னு சொல்ல மாட்டேனுங்க. பாசக்காரருதானாமா. ஆனா சித்த லூசு போலிருக்குதுங்க."

அவமானத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பது வருசம் டைம் ஆபீசில் உட்கார்ந்தும், ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளை வேலையில்லாமல் வெளியே போய்வருவது தெரியவில்லை. பிள்ளை பாத்ரூமில் நின்று அழுத அன்றைக்கு, தான் எந்த ஊர் வாட்ச்மேனிடம் தண்ணி கேட்டுக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தார்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மோகனப்பிரியா வெளியே வந்துவிட்டாள். "மோகனா, மாப்பிள்ளை ஊட்லிருந்து பெரியவரு வந்திருக்காரு. உன்னையப் பத்தி நல்லதாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள் ரூபினா.

மோகனப்பிரியா அப்படியே நின்றாள். "அப்பா..."

ரூபினாவின் வாய் திறந்தபடியே இருந்தது. மேசைக்கு அடியில் ஏதோ விழுந்த மாதிரி குனிந்தவள், அப்புறம் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"அப்பா, நானே சொல்லலாம்னுதானுங்க..."

"அது கெடக்குது உடு கண்ணு," என்றார் ஆறுச்சாமி. "இப்ப நீ என்ன வேலை பாக்கறே? அப்பனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் மளமளவென்று. பத்தில் ஒன்பது வார்த்தை அவருக்குப் புரியவில்லை. நடுவில் நாலு தடவை எட்டு மாடி நாக்கு நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். மகளுடைய முகம் இப்படித் தெளிந்து அவர் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"அந்தக் கோபிப் பையனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியுமுங்கப்பா. மொட்டை மாடியில பேசச் சொன்னீங்கல்ல, அன்னிக்கே சொல்லிட்டேன். வேலை போயி அஞ்சு மாசமாச்சுன்னு."

"அதுக்கு என்ன சொன்னாப்ல?"

"ஒண்ணும் சொல்லலீங்க. 'அப்பறம் என்ன செஞ்சீங்க'ன்னு கேட்டாருங்க."

ஆறுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது பையிலிருந்த போன் அடித்தது. செவ்வந்திதான்.

"ஏனுங்க, பையன் ஊட்ல சேதி கேக்கறாங்க. என்ன சொல்றது?"

"குடுக்கலாம்னு சொல்லிப்போடு."

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று வரைக்கும் முடியவே முடியாது என்றவராயிற்றே! "நெசமாவாங்க? யாருகிட்ட விசாரிச்சீங்க?"

"நம்ம புள்ளைகிட்ட," என்றார் ஆறுச்சாமி.